புதுப்பிப்பு: இன்ஸ்டாகிராமில் சேலை விசாரிப்பே வரவில்லை – தீர்ந்தது

நான் விற்கும் சுங்குடிச் சேலை (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுப்பது) ரீல்ஸுக்குப் பார்வை வருகிறது, விசாரிக்க ஆளில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விளம்பரத்துக்குப் பணம் போடும் முன் மெசேஜ் ரிக்வெஸ்ட் பகுதியைத் திறந்து பாருங்கள் என்றாரே ஓர் அக்கா, அதுதான் தீர்வு. நாம் பின்தொடராதவர்கள் அனுப்புவது அங்கே போய் நிற்குமாம். திறந்தால் 23 பேர்! "அரக்கு நிறத்தில் மஞ்சள் புள்ளி இருக்கா?" என்று ஒருவர் மூன்று தடவை கேட்டிருந்தார். மனசு கஷ்டமாகிவிட்டது. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன்; 6 பேர் வாங்கினார்கள்.

அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் விலையையும் போட்டுவிட்டேன். எதிர்பாராத ஒன்று: சேலை கட்டிக் காட்டும் ரீல்ஸைவிட, சாயத் துணியின் முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க வெள்ளைப் புள்ளி தெரிகிற ஸ்டோரிக்குத்தான் கேள்விகள் அதிகம். இப்போது காலையும் இரவும் மெசேஜ் ரிக்வெஸ்ட் பகுதியைத் திறந்து பார்க்கிறேன்.