கறுவாத்தோட்டத்தில் மூன்று வாரம்: சேர்விஸ் அப்பார்ட்மென்ட் சரிவருமா?

உவர்மலைவாசி
அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் இரண்டு கண்களுக்கும் கொழும்பில் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்ய முடிவாகியுள்ளது. ஒரு கண்ணுக்குச் செய்து, சில நாள் விட்டே மறு கண்ணுக்குச் செய்வார்கள் என்பதால், இடையில் திருகோணமலைக்கு வந்துபோகும் அலைச்சல் வேண்டாமென்று மூன்று வாரம் அங்கேயே தங்க எண்ணுகிறோம். தம்பி கொழும்பு 7, கறுவாத்தோட்டத்தில் இரண்டு அறைகளுடன் ஒரு சேர்விஸ் அப்பார்ட்மென்ட் (துப்புரவு வேலையெல்லாம் அவர்களே செய்து, நாள் வாடகைக்கு விடும் வீடு) பார்த்திருக்கிறான். நாள் வாடகை 20,000 ரூபாய் என்றும் அதன் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளும் போட்டிருக்கிறார்கள். அம்மா கடைச் சாப்பாட்டைத் தொடமாட்டார். இதை எடுப்பதா, வெள்ளவத்தையில் சாதாரண வீடொன்றைப் பார்ப்பதா?

கணக்குப்பிள்ளை
அந்த இரண்டு கூட்டல் குறிகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம். மற்றது அதன் மேல் விழும் 18 சதவீத வற் வரி. 20,000 முதலில் 22,000 ஆகி, பின்னர் 25,960 ஆகிவிடும். 21 நாட்களுக்கு 4,20,000 என்று நினைத்துக்கொண்டு போனால், கையில் வரும் பில் 5,45,160 ஆக இருக்கும். மூன்று வாரம் என்றால் நாள் வாடகையிலேயே பேரம் பேச இடமுண்டு; எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். மின்கட்டணம் அதற்குள் அடங்குமா என்பதையும் அதே கடிதத்தில் எழுதுவியுங்கள். இரவு முழுவதும் குளிரூட்டி ஓடினால் 180 அலகைத் தாண்டி உச்சக் கட்டணத்துக்குப் போக அதிக நாள் எடுக்காது.

நிலாவெளி மருமகள்
மாமாவின் சிகிச்சைக்காக அந்தப் பக்கத்தில் ஒரு மாதம் தங்கினோம். விரிப்பு மாற்றுவதும் கூட்டித் துடைப்பதும் அவர்கள் பொறுப்பு. லிஃப்டும் ஜெனரேட்டரும் இருந்ததால் வயதானவரை வைத்துக்கொண்டு பதறவில்லை. சமையலறையில்தான் சோதனை. அடுப்பு இண்டக்ஷன். வீட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுபோன அலுமினியப் புட்டுப்பானையை வைத்தேன். அடுப்பு இரண்டு முறை கீச்சிட்டுவிட்டு அணைந்தது. காந்தம் ஒட்டும் அடியுள்ள பாத்திரம்தான் அதில் சூடாகும் என்பதால், அக்கா, புறப்படுமுன் உங்கள் பானைகளின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். திருவலையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே வைன் கிளாஸ் ஆறு இருந்தது, தேங்காய் துருவ ஒன்றுமில்லை. வெள்ளைக் கல் மேடையில் மஞ்சள் கறை பிடித்ததென்று கடைசி நாள் முற்பணத்தில் ஒரு தொகையைக் கழித்தும் விட்டார்கள். உள்ளே நுழைந்தவுடன் மேடை, சுவர், மெத்தை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள்.

கோணேசர் வீதி
நான் வெள்ளவத்தைக்கே வாக்களிப்பேன். கறுவாத்தோட்டம் பெரிய மதில்களும் தூதரகங்களும் மர நிழலுமாக அமைதியான இடம்தான், ஆனால் ஒரு கட்டு முருங்கையிலை வாங்கவும் ஓட்டோ பிடிக்க வேண்டும். வெள்ளவத்தையில் சந்தையும் சைவக் கடையும் நடைதூரத்தில் உண்டு, கேட்பதைத் தமிழிலேயே கேட்கலாம். காலி வீதியின் இரைச்சலுக்குக் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் வீடு பார்த்தால் போதும். ஆனால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியைத் தலையில் கட்டிவிடுவார்கள், கவனம்.

உவர்மலைவாசி
மிக்க நன்றி. சிகிச்சை லிப்டன் சுற்றுவட்டத்திலுள்ள கண் வைத்தியசாலையில் என்பதால், சொட்டுமருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக அம்மாவைக் கூட்டிப்போக கறுவாத்தோட்டமே கிட்ட என்று மனம் சாய்கிறது. இன்னொன்று: இரவுப் பேருந்தில் வந்தால் விடியுமுன்னரே கொழும்பில் இறங்கிவிடுவோம், அவர்களோ பிற்பகல் 2 மணிக்குத்தான் சாவி தருவார்களாம்.

நிலாவெளி மருமகள்
அரைநாள் வாடகை கொடுத்தால் காலையிலேயே திறந்து தருவார்களா என்று கேளுங்கள், எங்களுக்குத் தந்தார்கள். இல்லையென்றால் பகல் வண்டியில் புறப்படுங்கள். வரவேற்பறைச் சோபாவில் எட்டு மணிநேரம் அம்மாவை இருத்தி வைக்க முடியாது.

கணக்குப்பிள்ளை
அந்த அரைநாளுக்கும் இரண்டு கூட்டல் குறிகள் உண்டா என்று கேட்க மறக்க வேண்டாம்.