மாக்கல் சமையல் மேடையில் கீறலும் சில்லும்: எப்படிச் சரிசெய்வது?

ஜெயநகர் மீனா:
வணக்கம். நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் சமையல் மேடை மாக்கல்லால் ஆனது. தொட்டால் மாவு தடவியதுபோல வழுவழுப்பாக இருக்கும். குக்கர் கைநழுவியதில், தொட்டியின் ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு சில்லு பெயர்ந்துவிட்டது. இட்லிப் பானையை இழுத்த இடமெல்லாம் வெள்ளைக் கோடுகள். குழாயைச் சுற்றி போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவு. கிரானைட் பாலிஷ் போடுபவர், இயந்திரத்தால் தேய்த்து, கறை இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சைப் பூசலாம் என்கிறார். மாக்கல்லில் செய்த கல்சட்டியைப் பழக்குவதுபோல விளக்கெண்ணெய் தடவினால் போதாதா?

பசவனகுடி கல்வேலை:
அம்மா, இயந்திரம் வேண்டாம், சீலரும் வேண்டாம். மாக்கல்லில் நுண்துளைகள் மிகக் குறைவு என்பதால் கறை உள்ளே இறங்காது. சீலர் மேலேயே நின்று திட்டுத்திட்டாக உரியும். இதிலுள்ள டால்க் என்னும் கனிமம், 1 (மிக மென்மை) முதல் 10 (மிகக் கடினம்) வரை செல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் 1. கிரானைட்டோ 6-ஐ ஒட்டியது. ஆகவே கிரானைட்டுக்கான வேகத்தில் சக்கரத்தை வைத்தால் குழி விழுந்துவிடும். 1117-இல் எழுந்த பேலூர் கோயிலின் சிற்பங்களில் நகையின் மணிகளைக்கூடத் தனித்தனியாகச் செதுக்க முடிந்தது இவ்வகை மென்கல்லால்தான். அந்த மென்மையே உங்களுக்கும் துணை, ஏனெனில் கீறலைக் கையாலேயே தேய்த்துப் போக்கலாம்.

ஆழமான கோட்டை 120 எண் உப்புத்தாளாலும், பிறகு 220-ஆலும், தண்ணீர் தெளித்துக்கொண்டே வட்டமாகத் தேயுங்கள்; கோட்டின்மேல் மட்டும் தேய்த்தால் பள்ளமாகும், சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பரவலாகத் தேய்க்க வேண்டும். தூசி மூச்சில் போகக் கூடாது. ஈரமாகத் தேய்ப்பதும் முகக்கவசமும் கட்டாயம். சில்லுக்கு, மேடையின் அடிப்பக்கத்தில் அரத்தால் சுரண்டிய கல்தூளை இரண்டு குழாய்களில் வரும் எபாக்ஸிப் பசையில் குழைத்து, சற்று மேடாகவே நிரப்பி, ஒரு நாள் இறுகவிட்டு, மட்டமாகத் தேயுங்கள். ஒட்டிய இடத்தில் மட்டும் சூடான வாணலியை வைக்காதீர்கள். கல் தாங்கும், எபாக்ஸி இளகும்.

மல்லேசுவரம் பாட்டி:
விளக்கெண்ணெய் வேண்டாம் மகளே. கல்சட்டியை மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி, கஞ்சித் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் மெல்ல மெல்லச் சூடேற்றிப் பழக்குகிறோம். மேடைக்கு அந்தச் சூடு ஏது? சமையல் எண்ணெய் பிசுபிசுத்து நாறும், தூசியும் ஒட்டும். நான் தடவுவது மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் என்னும் கனிம எண்ணெய். பழைய வேட்டித் துணியால் பூசி, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டால் கல் மழையில் நனைந்ததுபோலக் கறுக்கும். முதல் மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் வெளுக்கும்போது மட்டும். உப்புப் படிவுக்கு நீர்த்த வினிகர் போதும். முதலில் மூலையில் சோதித்துப் பாருங்கள், ஏனெனில் சில மாக்கல்லில் வினிகர் அரிக்கக்கூடிய கார்பனேட்டும் கலந்திருக்கும்.

ஜெயநகர் மீனா:
இருவருக்கும் மிக்க நன்றி. ஞாயிறன்று கோடுகளைத் தேய்த்தேன். எண்ணெய் பட்டதும் தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் ஒன்றாகிவிட்டன. சில்லை நிரப்பிய இடம் அக்கம்பக்கத்தைவிட ஒரு சாயல் பளபளப்பாகத் தெரிகிறது. மேலும் தேய்க்கலாமா?

பசவனகுடி கல்வேலை:
தாராளமாக. எபாக்ஸியின் மினுக்கம்தான் அது. 220 உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி இன்னும் நான்கைந்து முறை மெதுவாகத் தேய்த்து, ஈரம் காய்ந்தபின் மறுபடி எண்ணெய் பூசுங்கள்.