ஆய்வுக்கு வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? சில அனுபவங்கள்

உள்ளாட்சி சுகாதார ஆய்வாளர்:

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை ஒரு மூத்த ஆய்வாளரோடு அனுப்பினார்கள். சமையலறை ஆய்வு என்றால் தரை, சுவர், தலைத்தொப்பி, குப்பைத்தொட்டி மூடி என்று ஒரு படிவத்தில் டிக் அடித்துக்கொண்டே போவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். அவர் படிவத்தைக் கடைசியில்தான் கையில் எடுப்பார்.

பெரிய சமையலறை ஒன்றுக்குச் சொல்லாமல் போனோம். உள்ளே நுழைந்ததும் கைகழுவும் தொட்டியில் அவரே கை கழுவினார். தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, துடைக்கக் காகிதம் இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் வாங்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, தன் தெர்மாமீட்டரை அதில் வைத்தார். 0 டிகிரி காட்டுகிறதா என்று சமையல் பொறுப்பாளரையே பார்க்கச் சொன்னார். "தம்பி, நாம சொல்ற எண்ணை அவங்க நம்பணும். அதுக்கு முதல்ல இதைக் காட்டிடணும்" என்றார் என்னிடம்.

குளிர் அறையின் கதவில் இருந்த காட்டி 4 டிகிரி என்றது. நானாக இருந்தால் அதை எழுதிக்கொண்டு நகர்ந்திருப்பேன். அவர் உள்ளே போய், முந்தைய இரவு சமைத்து வைத்திருந்த இறைச்சிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். ஆழமான பாத்திரம். தெர்மாமீட்டர் கம்பியை நடுவில் அடிவரைக்கும் இறக்கினார். 24 டிகிரி. பாத்திரத்தின் வெளிப்பக்கம் தொட்டால் சில்லென்றுதான் இருந்தது.

"நல்லா கொதிச்சதுதான் ஸார்" என்றார் பொறுப்பாளர். உண்மைதான், ஆனால் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜன்ஸ் மாதிரியான பாக்டீரியாக்களின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சூடு மெதுவாக இறங்கும்போது முளைத்துப் பெருகும். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் உணவு எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 60லிருந்து 21க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. மூத்தவர் அந்தப் பாத்திரத்தைக் கொட்டச் சொன்னார். அதோடு விடவில்லை. அடுத்த முறை சமைத்ததை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, மூடாமல், தட்டுக்குத் தட்டு இடைவெளி விட்டு அடுக்கச் சொல்லிவிட்டு, அது எப்படி ஆறுகிறது என்று பார்க்க இன்னொரு நாள் வந்தார். நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போவது சுலபம். திரும்பி வந்து பார்க்கிற ஆய்வாளரால்தான் சாப்பிடுகிறவனுக்குப் பிரயோஜனம் என்று நான் இன்றைக்கும் உறுதியாக நம்புகிறேன்.

தொழிற்சாலைப் பராமரிப்புப் பொறியாளர்:

எங்களிடம் வந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன். கழிவுநீர் வெளியேறும் இடத்தில் அமிலத்தன்மையைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார். அதெல்லாம் எல்லோரும் செய்வது. அப்புறம் "கூலிங் டவர் எங்கே?" என்று கேட்டு, ஏணியில் ஏறிவிட்டார். அதுவரை வந்தவர்கள் யாரும் மேலே ஏறியதில்லை.

இயந்திரங்களிலிருந்து சூடாகி வரும் நீரை ஆற வைக்கிற கோபுரம் அது. அந்த நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தால், அங்கிருந்து கிளம்பும் நுண்திவலை வழியாகச் சுற்றுப்புறத்தில் இருப்பவர்களின் நுரையீரலுக்குப் போய்விடும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியாவுக்குப் பிறகுதான் இந்த பாக்டீரியாவையே கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு அதற்குப் பிடித்தமானது. கோபுரத்தின் தொட்டி நீர் பெரும்பாலும் அந்த வெப்பத்தில்தான் நிற்கிறது.

கீழே இறங்கியதும், அந்த நீரில் கிருமிகொல்லி மருந்து ஊற்றும் பதிவேட்டைக் கேட்டார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எழுதுவது அது. சில பக்கங்களைப் புரட்டிவிட்டு என்னிடம் திருப்பிக் காட்டினார். மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, குளோரின் அளவும் தினமும் அதே எண். "ஒருநாள்கூட ஏறி இறங்காத எண்ணை நான் ஏத்துக்க மாட்டேன் ஸார். மழை வந்திருக்கும், பம்ப் நின்னிருக்கும், ஏதாவது மாறியிருக்கணுமே" என்றார். அன்றே நீர் மாதிரி எடுத்தார். ஒப்பந்தக்காரரை மாற்றினோம். இப்போது எங்கள் ஆட்களே அளந்து எழுதுகிறார்கள், எண்கள் ஏறி இறங்கத்தான் செய்கின்றன.

பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்:

என் பிரச்சினை சத்தம். பக்கத்துப் பட்டறையின் கம்ப்ரசர் ராத்திரியெல்லாம் உறுமும், ஜன்னல் கண்ணாடி அதிரும். புகார் கொடுத்தேன். பகலில் வந்து அளந்தார்கள், வரம்புக்குள் இருக்கிறது என்றார்கள். மனசு விட்டுப் போச்சு.

இரண்டாவது தடவை வந்த அதிகாரி ராத்திரியில் வந்தார். சவுண்ட் மீட்டரில் ஏ, சி என்று இரண்டு விதமாக அளக்கலாமாம். வழக்கமான ஏ முறை மனிதக் காது மாதிரியே தாழ்ந்த உறுமலைக் குறைத்துக் கணக்கெடுக்கும். சி முறை அப்படிக் குறைக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் தாழ்ந்த அதிர்வு அதிகம் என்று அர்த்தம். எங்கள் படுக்கை அறையில் அந்த வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தது. அவரே பட்டறைக்குள் போய்ப் பார்த்தார். கம்ப்ரசரை நேராகத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அடியில் ரப்பர் தாங்கி வைக்கச் சொன்னார். வைத்த பிறகு தூங்குகிறோம். நாங்கள் சொன்னது கற்பனை இல்லை என்று ஒரு கருவி சாட்சி சொன்னதே பெரிய நிம்மதி.

உள்ளாட்சி சுகாதார ஆய்வாளர்:

புகார் கொடுப்பவர்கள் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த அறையில் அதிகம் என்று எழுதி வைத்தால் எங்களுக்கு எப்போது வரவேண்டும் என்று தெரியும். துர்நாற்றம் என்றால் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று நாலு ஆலைகள் இருக்கிற இடத்தில் எது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல துப்பு கிடையாது.

பொறியாளர் நண்பரிடம் ஒன்று கேட்கணும். அந்த அம்மையார் நீர் மாதிரியை எடுத்தது மருந்து ஊற்றுவதற்கு முன்பா, பின்பா?

தொழிற்சாலைப் பராமரிப்புப் பொறியாளர்:

முன்புதான். ஊற்றுகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டார். பாட்டிலில் ஏற்கனவே சோடியம் தயோசல்பேட் போட்டிருந்தது. நீரில் மிச்சமிருக்கும் குளோரினை அது முறித்துவிடுமாம். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் பாக்டீரியா செத்து, நீர் சுத்தம் என்று முடிவு வந்துவிடும் என்றார்.