சொத்து வரி பில்லில் பெரிய பங்கு பள்ளிக்கு: ஜார்ஜியா கவுன்டியில் இதை யார் முடிவு செய்கிறார்கள்?

புதுமனை:

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள ஒரு கவுன்டி (நம்மூர் மாவட்டம் போல). சொத்து வரி பில்லில் கவுன்டிக்குப் போகும் தொகையைவிட ‘ஸ்கூல் எம் அண்ட் ஓ’ என்ற வரிதான் பெரிது. அதன் கீழே ‘ஸ்கூல் பாண்ட்’ என்று இன்னொன்று. கவுன்டியை நடத்தும் குழுவான கவுன்டி கமிஷனில் கேட்டால் “பள்ளி வரி எங்கள் கையில் இல்லை” என்கிறார்கள். பள்ளி மாவட்டமோ மாநிலம் தரும் பணம் போதவில்லை என்கிறது. கடையில் கட்டும் விற்பனை வரியிலும் பள்ளிக்கு ஒரு சதவீதம் போகிறதாம். இந்த மூன்று பணத்தையும் யார் நிர்ணயிக்கிறார்கள், எதற்குச் செலவிடலாம்? பள்ளி மாவட்டத்துக்குக் கவுன்டிதானே மேலதிகாரி?

மில்கணக்கு:

இல்லை, மேலதிகாரி இல்லை. எல்லைக்கோடு ஒன்றாக இருந்தாலும் கவுன்டி அரசும் கவுன்டி பள்ளி மாவட்டமும் தனித்தனி அமைப்புகள். தலைமை, பட்ஜெட், கடன் எல்லாமே வேறு. பள்ளி வரியை நிர்ணயிப்பது மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம். வாரியம் மில் விகிதத்தை (சொத்து வரி விகிதம்; கணக்கு கீழே) சான்றளித்து அனுப்பினால் கமிஷன் அதை விதித்தே ஆகவேண்டும். மாநில அரசியல் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. கமிஷன் கூட்டத்தில் பள்ளி மில்லுக்கும் கை தூக்குவதைப் பார்த்துவிட்டு அங்கே போய்ச் சண்டை போடுபவர்கள் உண்டு. அந்தக் கை தூக்கல் வெறும் சடங்கு. வர்ஜீனியா, வட கரோலினா பக்கமிருந்து வந்தவர்களுக்கு இது குழப்பும். அங்கே பொதுவாகப் பள்ளி வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது, கவுன்டி ஒதுக்குவதைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பில்லைப் படிக்கும் முறை: சந்தை மதிப்பில் 40 சதவீதம்தான் வரிக்குரிய மதிப்பு. அதில் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் ஒரு டாலர் என்றால் அது 1 மில். உதாரணத்துக்கு 6,00,000 டாலர் வீடு, எம் அண்ட் ஓ 16 மில், பாண்ட் 1.5 மில் என்று வையுங்கள். வரிக்குரிய மதிப்பு 2,40,000. சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கான மாநில ஹோம்ஸ்டெட் விலக்கு 2,000 கழித்தால் 2,38,000. எம் அண்ட் ஓ 3,808 டாலர். பாண்டுக்கு அந்த விலக்கு செல்லாது, ஆகவே முழு 2,40,000க்கும் 360 டாலர். உள்ளூர் விலக்குகள் கவுன்டிக்குக் கவுன்டி மாறும்.

எம் அண்ட் ஓ என்பது பராமரிப்பும் அன்றாட நடத்தலும்: சம்பளம், பஸ், மின்சாரம். சில பழைய விதிவிலக்குகள் தவிர இதற்கு 20 மில் உச்சவரம்பு. பாண்ட் வரி மக்கள் வாக்களித்து எடுத்த கட்டடக் கடனை அடைக்க. அது இந்த 20இல் சேராது.

“நாங்கள் மில்லை ஏற்றவே இல்லை” என்று மாவட்டம் அறிக்கை விடும். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுமதிப்பீட்டில் வீட்டு விலை ஏறியிருந்தால் அதே மில்லில் அதிகப் பணம் வரும். அந்த ஏற்றத்தை ஈடுகட்டும் குறைந்த விகிதத்துக்கு ரோல்பேக் ரேட் என்று பெயர். அதற்கு மேல் விதித்தால் சட்டத்தின் கண்ணில் அது வரி உயர்வு. விளம்பரம் கொடுத்து மூன்று பொது விசாரணைக் கூட்டங்கள் நடத்த வேண்டும், அதில் ஒன்று மாலை 6க்கும் 7க்கும் இடையே தொடங்க வேண்டும்.

நிர்வாகம் பற்றியும் ஒரு வார்த்தை. கண்காணிப்பாளரை (எல்லோரும் சூப்பரின்டென்டன்ட் என்றே சொல்வது) வாரியம் நியமிக்கிறது. ஒப்பந்தம் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை. கொள்கை வகுப்பது வாரியம், நடத்துவது அவர். அன்றாட விஷயங்களில் வாரியம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பஸ் நிறுத்தம், வகுப்பு மாற்றம் போன்றவற்றுக்கு வாரிய உறுப்பினரைப் பிடிப்பதில் பயனில்லை. பள்ளி முதல்வரிடமிருந்து தொடங்குங்கள். இந்த எல்லையை வாரியம் மீறினால் விளைவு பெரிது. கிளேட்டன் கவுன்டி பள்ளிகள் 2008இல் அங்கீகாரத்தையே இழந்தன. டிகால்ப் கவுன்டி மாவட்டம் அங்கீகாரத்தில் ப்ரொபேஷனுக்கு (எச்சரிக்கை நிலை) போனதும் 2013இல் ஆளுநர் நேதன் டீல் வாரியத்தின் ஒன்பது பேரில் ஆறு பேரை நீக்கினார்.

அக்டோபர்தலை:

மேலே சொன்னது உள்ளூர்ப் பணம். மாநிலப் பணம் கியூபிஇ (குவாலிட்டி பேசிக் எஜுகேஷன்) என்கிற 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் சூத்திரப்படி வருகிறது.

பள்ளி நாளை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மாணவர் எந்த வகைக் கல்வியில் இருக்கிறார் என்று எண்ணுவார்கள். பொதுவான 9 முதல் 12ஆம் வகுப்பின் எடை 1. கிண்டர்கார்டன், சிறப்புக் கல்வி, கிஃப்டட் (மிகுதிறன் மாணவர்), ஆங்கிலம் கற்போர் ஆகியவற்றுக்கு எடை கூடுதல். ஒரே மாணவர் மூன்று பகுதியில் ஒரு வகையாகவும் மீதி மூன்றில் வேறு வகையாகவும் கணக்கில் வரலாம். எண்ணும் நாள் ஆண்டுக்கு இரண்டு: அக்டோபரின் முதல் செவ்வாய், மார்ச்சின் முதல் வியாழன். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். கால அட்டவணையில் குறியீடு தவறாக இருந்தால் கற்பிக்கும் வேலை நடந்திருக்கும், பணம் மட்டும் வராது. செப்டம்பரில் அலுவலகங்கள் அட்டவணையைத் துருவித் துருவிப் பார்ப்பது அதற்காக.

இப்படி வரும் தொகையோடு ஆசிரியர்களின் பட்டம், அனுபவ ஆண்டுகளுக்கான தொகையும் சேரும். பிறகு கழித்தல். ஐந்து மில் பங்கு என்று பெயர்: உங்கள் கவுன்டி 5 மில் விதித்தால் எவ்வளவு வருமோ அதை மாநிலம் தன் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். கணக்குக்காக: வரிக்குரிய மொத்த மதிப்பு 1,000 கோடி டாலர் என்றால் 5 மில் 5 கோடி. சூத்திரம் 30 கோடி என்றால் கைக்கு வருவது 25 கோடி. வீட்டு விலை ஏற ஏற இந்தப் பிடித்தமும் ஏறும். மதிப்பு குறைந்த கவுன்டிகளுக்கு ஈக்வலைசேஷன் என்று தனி மானியம் உண்டு; பணக்கார வடக்குப் புறநகர்களில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

“போதவில்லை” என்பதற்குக் காரணம், சூத்திரம் மாநிலச் சம்பள அட்டவணையோடு நின்றுவிடும். அதற்கு மேல் தரும் உள்ளூர்க் கூடுதல் சம்பளம், சூத்திரம் ஒதுக்கும் எண்ணிக்கைக்கு மேல் வைக்கும் ஆசிரியர்கள், பஸ் செலவில் பெரும்பகுதி எல்லாம் எம் அண்ட் ஓவில் விழும். ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு மாவட்டம் கட்டுவதே சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மாநிலம் ‘ஆசிரியர்களுக்குச் சம்பள உயர்வு’ என்று அறிவிக்கும்போது, சூத்திரத்துக்கு வெளியே வைத்த ஆசிரியர்களுக்கு அந்த உயர்வை யார் கொடுப்பது? மாவட்டம்தான்.

மாணவர் எண்ணிக்கை கூடினால் ஆண்டின் நடுவில் திருத்தித் தருவார்கள். குறைந்தால் அதே ஆண்டில் பிடுங்குவதில்லை; அடுத்த ஆண்டுக் கணக்கில் இடிக்கும்.

மத்திய அரசுப் பணம் சிறியது. ஏழை மாணவர்களுக்கான டைட்டில் ஒன் (1965), சிறப்புக் கல்விக்கான ஐடியா (IDEA) சட்டம், மதிய உணவு ஆகியவைதான் பெரிய தலைப்புகள். சிறப்புக் கல்வியின் கூடுதல் செலவுக்காக நாடு தழுவிய சராசரி மாணவர் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975இல் சொன்னது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். அந்த அளவை ஒருபோதும் எட்டியதில்லை. மீதி உங்கள் பில்லில்தான்.

ஒருசதவீதம்:

விற்பனை வரியின் பெயர் ஈ-ஸ்ப்ளாஸ்ட். 1996இல் அரசியல் சட்டத் திருத்தம் மூலம் வந்தது. ஒரு சதவீதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு, ஒவ்வொரு முறையும் வாக்கெடுப்பு. மளிகைக்கு மாநில விற்பனை வரி கிடையாது, ஆனால் இந்த உள்ளூர் ஒரு சதவீதம் அரிசி பருப்புக்கும் உண்டு.

கட்டடம், நிலம், பஸ், கணினி, பாண்ட் கடன் அடைப்பு இவற்றுக்கு மட்டுமே. சம்பளத்துக்குத் தொட முடியாது. “ஆசிரியர் பணியிடத்தை வெட்டுகிறார்கள், ஸ்டேடியத்துக்கு மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது” என்ற கோபத்துக்கு விடை இதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: புதிய கட்டடம் திறந்ததும் அதன் முதல்வர், துப்புரவு, மின்சாரம் எல்லாம் எம் அண்ட் ஓவுக்கு வரும், அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? பல மாவட்டங்கள் இதில்தான் சறுக்குகின்றன.

சில கவுன்டிகளில் பாண்ட் மில் பூஜ்யமாக இருப்பதும் இந்த வரியால்தான். விற்பனை வசூல் குறைந்தால் அந்தப் பாரம் சொத்து வரிக்குத் திரும்பி வரும்.

புதுமனை:

மூவருக்கும் நன்றி, இப்போதுதான் பில் புரிகிறது. இரண்டு கேள்வி மிச்சம். எங்கு பார்த்தாலும் புதுக் குடியிருப்புகள், பள்ளியில் டிரெய்லர் வகுப்பறைகள். பில்டரிடம் பள்ளிக்கென்று பணம் வாங்க முடியாதா? இன்னும் குடியுரிமை வராத, விசாவில் இருப்பவர்கள் இதில் என்ன செய்ய முடியும்?

பட்ஜெட்மே:

பில்டர் விஷயம் முதலில். புதுக் கட்டுமானத்தால் கூடும் செலவுக்காக பில்டரிடம் வாங்கும் தொகைக்கு இம்பாக்ட் கட்டணம் என்று பெயர். 1990ஆம் ஆண்டின் இம்பாக்ட் கட்டணச் சட்டம் சாலை, தண்ணீர், கழிவுநீர், பூங்கா, நூலகம், தீயணைப்பு போன்றவற்றுக்கு வசூலிக்க விடுகிறது. பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. நிலத்தின் ஜோனிங்கை (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதி) மாற்றுவது கவுன்டி அல்லது நகரம். பள்ளி மாவட்டம் “இத்தனை மாணவர் கூடுவர்” என்று கருத்துக் கடிதம் மட்டும் தரலாம். ஆகவே டிரெய்லர் பற்றிய புகாரைக் கல்வி வாரியத்தில் மட்டும் சொன்னால் பாதி வேலைதான். ஜோனிங் விசாரணையிலும் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கமிஷன் சரியான வாசல்!

நகரமாகப் பிரிந்து தனிப் பள்ளி மாவட்டம் அமைக்கலாமே என்பார்கள். புதிய தனி மாவட்டங்களுக்கு மாநில அரசியல் சட்டம் தடை. சாண்டி ஸ்பிரிங்ஸ் 2005இலும் ஜான்ஸ் கிரீக், மில்டன் 2006இலும் நகரமாயின. பள்ளி மட்டும் இன்றும் ஃபுல்டன் கவுன்டி மாவட்டம்தான்.

அடுத்தது எப்போது பேசுவது. நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கும். மாநில சட்டசபை ஜனவரியில் கூடி மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் முடிக்கும். அப்போதுதான் கியூபிஇ தொகை உறுதியாகும். மாவட்டத்தின் வரைவு பட்ஜெட் வசந்த காலத்தில் வெளிவரும், குறைந்தது இரண்டு பொதுக் கூட்டம் வைப்பார்கள், பெரும்பாலும் ஜூனுக்குள் நிறைவேற்றுவார்கள். மில் விசாரணைக் கூட்டங்களோ கோடையில். அதாவது கூட்டம் திரள்வது மில் விசாரணைக்கு, அதற்குள் அந்த மில்லை நம்பி பட்ஜெட் முடிந்து, ஆள் எடுத்து, ஒப்பந்தமும் போட்டாயிற்று. ஏப்ரல், மே மாதங்களில் போங்கள்.

போவதற்கு முன் பட்ஜெட்டில் பொது நிதியை (எண் 100) செயல்பாட்டுக் குறியீடு வாரியாகப் பாருங்கள்: 1000 கற்பித்தல், 2300 மைய நிர்வாகம், 2400 பள்ளி நிர்வாகம், 2600 பராமரிப்பு, 2700 பஸ். மூன்று ஆண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மாணவர் எண்ணிக்கையைவிட வேகமாக ஏறுகிறது என்று கேளுங்கள். “வீண் செலவு” என்று பொதுவாகப் பேசினால் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். கையிருப்பு நிதியைப் பார்த்ததும் பாயவும் வேண்டாம்: சொத்து வரி இலையுதிர் காலத்தில்தான் வரும், சம்பளம் அதற்கு முன்பே போட வேண்டும்.

விவரம் இணையத்தில் இல்லையென்றால் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். மூன்று வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். தேடும் வேலையில் முதல் கால் மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. “எல்லா மின்னஞ்சலும்” என்று கேட்டால் பெரிய கட்டண மதிப்பீடுதான் வரும். ஆவணப் பெயர், தேதி வரம்பு சொல்லிக் கேளுங்கள்.

விசாவில் இருப்பவர்கள் வாக்களிக்க முடியாது, பேசலாம், ஆவணம் கேட்கலாம். மாதாந்திர வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்று 2022 முதல் சட்டம். பெயர் கொடுக்க 24 மணி நேரத்துக்கு மேல் முன்னறிவிப்பு கேட்கவும் கூடாது. குடியுரிமை வந்தவர்கள் கவனிக்க: கட்சிச் சார்பில்லாத வாரியத் தேர்தல் உள்ள கவுன்டிகளில் (க்வினெட் அப்படி) வாக்குப்பதிவு மே மாதமே நடந்துவிடும். நவம்பரில் போய்ப் பார்த்தால் அந்தப் பெயர்களே வாக்குச்சீட்டில் இருக்காது.

மில்கணக்கு:

ஒன்று விட்டுப்போனது. 2024இல் வாக்காளர்கள் ஏற்ற திருத்தத்தை ஒட்டி, ஹோம்ஸ்டெட் வீட்டின் வரிக்குரிய மதிப்பு பணவீக்க அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் விலக்கு மாநிலம் முழுக்க வந்தது. உள்ளாட்சிகளும் பள்ளி வாரியங்களும் 2025 மார்ச் 1க்குள் விலகிக்கொள்ளலாம் என்றார்கள், பல பள்ளி வாரியங்கள் விலகின. அதனால் ஒரே பில்லில் கவுன்டி வரிக்கு ஒரு மதிப்பும் பள்ளி வரிக்கு வேறு மதிப்பும் இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 1. மதிப்பே தவறு என்று தோன்றினால், மதிப்பீட்டு நோட்டீஸில் உள்ள தேதியிலிருந்து 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பில் வரும்வரை காத்திருந்தால் அந்த ஆண்டு போயிற்று.