மதுரை மூன்று எழுத்தா, ஐந்தா? யூனிகோடும் டேஸ்16-உம்

வைகை வாத்தியார்:
மேலூர் பக்கம் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். பைத்தானில் ஒரு சொல்லின் நீளம் காணும் பாடம். ஒரு மாணவி 'மதுரை' என்று கொடுத்தாள், விடை 5. தலைகீழாகத் திருப்பச் சொன்னால் 'ரைதும' வர வேண்டிய இடத்தில் 'ைருதம' வருகிறது. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?

காரணம் தெரிந்ததுதான். கணினியில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் உலகப் பொதுத் தரமான யூனிகோடில் ம, த, உகரக்குறி, ர, ஐகாரக்குறி என்று ஐந்து எண்கள். 'து' என்ற எழுத்துக்குத் தனி எண்ணே கிடையாது. க-வுக்கு 2965 என்ற எண் உண்டு. க் வேண்டுமென்றால் அதன் பின்னால் புள்ளிக்கான 3021-ஐ ஒட்ட வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது நம் இலக்கணம். இங்கே உயிர்மெய்யிலிருந்து அகரத்தைக் கழித்து மெய்யை உண்டாக்குகிறார்கள். தேவநாகரியை மனதில் வைத்து 1988-ல் வந்த இஸ்கி என்ற இந்திய மொழிக் குறியீட்டு முறையின் அச்சு இது. 1991-ல் யூனிகோடு அதையே எடுத்துக்கொண்டு, தமிழுக்கு 128 இடத்தை ஒதுக்கிவிட்டது. கொரிய மொழியின் 11,172 அசைகளுக்கும் தனித்தனி எண் இருக்கிறது. நம் 247-உம் கிரந்த வரிசைகளும் சேர்ந்தால்கூட நானூறைத் தாண்டாது.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே எண் தரும் டேஸ்16-ஐ 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. அதைப் பரவலாக்கப் போராட வேண்டும் என்பதே என் கருத்து.

நிரல் மீனா:
சார், இலக்கணம் பற்றி நீங்கள் சொன்னது சரி. 1991-ல் தமிழ் தெரிந்தவர்கள் மேசையில் இருந்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் டேஸ்16 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். யூனிகோடில் 'தனிப்பயன் பகுதி' என்று 6,400 இடங்கள் உண்டு. யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம், யாருக்கும் உரிமை கிடையாது. அங்கே இருப்பது புறம்போக்கில் வீடு கட்டுவது மாதிரி. அரசாணை இருக்கலாம், பட்டா இல்லை. அந்த எண்ணுக்குத் தமிழ் என்று பொருள் கொள்ள வேண்டிய கட்டாயம் எந்தத் தேடுபொறிக்கும் இல்லை. எழுத்துரு இல்லாத செல்பேசியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

கொரியன் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். 1996-ல் யூனிகோடு 2.0 வந்தபோது கொரிய எழுத்துகளை மொத்தமாகப் பழைய இடத்திலிருந்து தூக்கிப் புது இடத்தில் வைத்தார்கள். பழைய எண்ணில் சேமித்திருந்த கொரியக் கோப்புகள் புது மென்பொருளில் பொருளிழந்தன. அதற்கப்புறம்தான் ஒரு முறை தந்த எண்ணை நகர்த்தவோ நீக்கவோ மாட்டோம் என்ற விதி வந்தது. இன்றைக்கு இணையத்தில் இருக்கும் தமிழ் அத்தனையும் அந்த விதியை நம்பித்தான் நிற்கிறது. அதை உடைக்கச் சொல்கிறீர்களா?

வைகை வாத்தியார்:
உடைக்கச் சொல்லவில்லை அம்மா. ஆனால் அநியாயத்தின் விலையை நாம்தான் கொடுக்கிறோம். குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்து அனுப்பலாம், தமிழில் 70 குறியீடு. அந்த எழுபதில் 'மதுரை' ஐந்தைத் தின்றுவிடுகிறது. டேஸ்16-இல் மூன்றே போதும். பெற்றோருக்கு அனுப்பும் ஒரு சின்ன அறிவிப்பு இரண்டு மூன்று செய்தியாக உடைகிறது, ஒவ்வொன்றுக்கும் காசு.

அப்புறம் அகர வரிசை. அமுதா, அழகர், அன்பரசி என்பதுதான் நம் வரிசை. எங்கள் வருகைப் பதிவேட்டு மென்பொருள் அன்பரசியை முதலில் வைக்கிறது. ஏனென்றால் யூனிகோடு அட்டவணையில் ன-வை ந-வுக்குப் பக்கத்திலும், ற-வை ர-வுக்குப் பக்கத்திலும், ள-வையும் ழ-வையும் வ-வுக்கு முன்னாலும் வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் கற்ற வரிசை கணினிக்குத் தெரியவில்லை.

சிம்மக்கல் டிடிபி:
ரெண்டு பேரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் எங்களுக்கு ரெண்டுமே எட்டவில்லை. இன்றைக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். பாமினியில் 'மதுரை' என்பது உள்ளுக்குள் கே, ஜே, ஐ, யூ என்ற நாலு ஆங்கில எழுத்து. அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் அதுதான் தெரியும். வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் யூனிகோடில் அனுப்புவார். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் ஒட்டினால் வராது, மாற்றி எடுத்துத்தான் போட வேண்டும். எங்களுக்கு வேலை நடக்கிற எதுவும் சரிதான்.

நிரல் மீனா:
அண்ணே, நீங்கள் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்தக் கோப்பில் இருப்பது தமிழே இல்லை, தமிழ் வேடம் போட்ட ஆங்கில எழுத்து. இருபது வருடம் கழித்து அந்தக் குடும்பம் பத்திரிகையில் தாத்தா பெயரைத் தேடினால் கிடைக்காது.

சார், வரிசை பற்றி: குறியீட்டு எண்ணின் வரிசையும் அகர வரிசையும் வேறு வேறு வேலைகள். சுவீடிய மொழிக்கும் இதே நிலைதான். அட்டவணை எண்ணை வைத்து அடுக்கக் கூடாது என்பதற்காகவே மொழிவாரியான அடுக்கல் விதிகள் தனியாக இருக்கின்றன. தமிழுக்கான விதியில் க் என்பது க-வுக்கு முன்னால் வரும். பக்கம் முதலில், பகல் அப்புறம். உங்கள் மென்பொருளைச் செய்தவர் அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நீளத்துக்கும் அப்படியே. 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நூலகத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கலாம். மதுரை மூன்று என்றே வரும்.

குறுஞ்செய்திக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அது உண்மையான இழப்பு.

வைகை வாத்தியார்:
பாருங்கள், ஆங்கிலப் பிள்ளைக்கு மொழியோடு சேர்ந்தே வருவது, தமிழ்ப் பிள்ளைக்கு நூலகம் நிறுவினால்தான் வருகிறது. நான் அநியாயம் என்பது இதைத்தான். 'கொ' என்ற ஓர் எழுத்தையே இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக்குறி 3018, அல்லது க-வோடு 3014, 3006 என்று இரண்டு துண்டு. கண்ணுக்கு ஒன்றுதான், அப்படியே ஒப்பிட்டால் கணினிக்கு வேறு. எழுத்துக்கு ஓர் எண் என்றால் இந்தக் குழப்பமே பிறக்காது.

நிரல் மீனா:
அந்தக் குழப்பத்துக்கு இயல்பாக்கம் என்ற படி இருக்கிறது, இரண்டும் ஒன்றாகிவிடும். இயல்பாக்கம் தீர்க்காத ஒன்றைச் சொல்கிறேன். 'ஔவையார்' என்று தேடிப் பாருங்கள், பிறகு 'ஒளவையார்' என்று தேடிப் பாருங்கள். இரண்டாவதில் இருப்பது ஒகரமும் ளகரமும். தட்டச்சு செய்தவர் பார்த்து ஒட்டியது. நூற்பட்டியலில் ஔவையார் இரண்டு பேராகிவிடுகிறார். டேஸ்16-இலும் ஒ-வும் ள-வும் தனித்தனியே இருக்கத்தான் போகின்றன, அங்கேயும் இதே பிழை நடக்கும். குறியீட்டை மாற்றினால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன்.

ஏட்டுக் கணக்கு:
நான் பழைய நெல் கணக்கு ஏடுகளைப் படியெடுக்கிறேன். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. இந்தக் குறிகளைக் கணினியில் எழுத வழியில்லாமல் எத்தனையோ காலம் படமாக ஒட்டிக்கொண்டிருந்தோம். 2019-ல் யூனிகோடு 12-இல் 'தமிழ் இணைப்பு' என்ற பகுதி வந்தது: பின்னங்கள், அளவைகள் என்று 51 குறிகள். மாங்குளம் கல்வெட்டு போன்றவற்றின் தமிழ் பிராமிக்கு வேண்டிய குறிகள் சில 2021-ல் பிராமிப் பகுதியில் சேர்ந்தன. விவரமாக முன்மொழிவு எழுதி, வாதாடி வாங்கியவை. யூனிகோடின் கதவு தமிழுக்கு அடைபட்டே கிடக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். என் ஏட்டை யாழ்ப்பாணத்தில் ஒருவர் திறந்தாலும் அதே முந்திரி தெரிய வேண்டும். தனிப்பயன் பகுதியில் வைத்தால் அது நடக்காது.

வைகை வாத்தியார்:
ஐயா, புதுக் குறிகளைச் சேர்த்ததை வரவேற்கிறேன். பழைய அமைப்பை அது நியாயமாக்காது. எண்ணை மாற்ற முடியாது என்றால் சரி, அப்படியானால் பொறுப்பு மென்பொருள் செய்பவர் மேல் வர வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணம் வாங்கும் எந்த மென்பொருளும் அகர வரிசை, எழுத்து எண்ணிக்கை, இயல்பாக்கம் மூன்றையும் சரியாகச் செய்தால்தான் காசு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பாடநூலிலும் குறியீடு வேறு, எழுத்து வேறு என்று ஒரு பக்கமாவது வர வேண்டும். டேஸ்16 பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

நிரல் மீனா:
ஒப்பந்த நிபந்தனைக்கு நானும் கையெழுத்துப் போடுவேன் சார். சோதனைக்கு அன்பரசி, பக்கம், கொடி, ஔவையார் நான்கும் போதும். பாதி மென்பொருள் அங்கேயே விழுந்துவிடும்.

சிம்மக்கல் டிடிபி:
மீனாம்மா, தாத்தா பெயர் பற்றிச் சொன்னதைக் கேட்டு மனசு கேட்கவில்லை. கடையில் பழைய பாமினிக் கோப்புகள் நிறைய இருக்கின்றன. மாற்ற முடியுமா?

நிரல் மீனா:
முடியும் அண்ணே. ஒன்றில் மட்டும் கவனம். பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக்குறியும் எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்க வேண்டும். 'கொ'வுக்கு அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று. இங்கே க-வும் ஒகரக்குறியும் இரண்டு. நல்ல மாற்றி இதைத் தானே பார்த்துக்கொள்ளும். முதலில் ஒரே ஒரு பத்திரிகையை மாற்றி, கொ, கோ, கௌ, கை வரும் பெயர்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் தொலைபேசி, முகவரி வரிகளைப் பிரித்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவையும் தமிழாக மாறிக் கெட்டுப்போகும். அதன் பிறகு மொத்தமாகச் செய்யலாம். பழைய கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.