பால் காளான்: கேசிங் மண்ணை அவித்தும் பச்சை பிடிக்கிறது, இன்னும் அவிக்கவா, அவிக்காமல் விடவா?

தக்காளித்தோட்டம்
வணக்கம். ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். ரெண்டு வருஷமாகச் சிப்பிக் காளான் போடுகிறேன், அதில் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து வெயிலில் மாசிக்கு மேல் சிப்பி சோர்ந்துவிடும் என்பதால் இந்த முறை பால் காளானுக்கு மாறினேன் (ஏபிகே 2 ரகம்). வைக்கோலில் வித்து நன்றாக ஓடியது, படுக்கை முழுக்கப் பால் மாதிரி வெள்ளை இழை. அதுவரை சரி. படுக்கையை ரெண்டாக வெட்டி மேலே கேசிங் மண் (மொட்டு கட்டுவதற்காக இழை மேல் பரப்புகிற மண்) போட்ட பிறகுதான் வினை ஆரம்பம்.

முதல் தடவை 20 படுக்கை. எங்கள் தோட்டத்துச் செம்மண்ணையே சலித்து, அண்டாவில் ஒரு மணி நேரம் ஆவியில் வைத்துப் போட்டேன். 9 படுக்கையில் பச்சைப் பூசணம். அவித்தது போதவில்லை என்று நினைத்து அடுத்த 20-க்கு மூணு மணி நேரம் அவித்து, ராத்திரி முழுக்கத் தார்ப்பாயில் பரப்பி ஆறவிட்டுப் போட்டேன். இந்த முறை 12 போச்சு! அதிகம் அவித்தால் அதிகம் பிடிக்குமா என்ன?

குடிலில் வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 85-க்குக் குறையவில்லை. தெரிந்தவர் ஒருவர் மண்ணை அவிக்கவே கூடாது, அதில் உயிர் இருந்தால்தான் மொட்டு வரும் என்கிறார். இன்னொருவர் ஃபார்மலின் என்கிற கிருமிநாசினியை ஊற்று என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கோத்தகிரிக்காரன்
நான் மொட்டுக் காளான் (பட்டன் காளான்) ஆள், பால் காளானில் அனுபவம் குறைவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் நண்பர் சொன்னது வெறும் கதை இல்லை. மொட்டுக் காளானில் இது 1969-லேயே இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்த விஷயம். கேசிங் மண்ணைச் சுத்தமாகக் கிருமி நீக்கிப் போட்டால் இழை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், மொட்டு ஒழுங்காகக் கட்டாது. மண்ணில் இருக்கும் சூடோமோனாஸ் புட்டிடா போன்ற பாக்டீரியாக்கள் இருந்தால் கட்டும். ஏன் என்றால், காளான் வாசனை என்று நாம் சொல்கிறோமே, இழை விடுகிற அந்த வாசனைப் பொருளே மொட்டு கட்டுவதைத் தடுக்கிறது, பாக்டீரியா அதைத் தின்று குறைக்கிறது. கிருமி நீக்கிய மண்ணில் பாக்டீரியாவுக்குப் பதில் கரித்தூளைக் கலந்தாலும் மொட்டு வந்திருக்கிறது, கரியும் அந்த வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் அல்லவா.

அதனால்தான் நாங்கள் கேசிங்கை வேகவைப்பதில்லை, 60, 65 டிகிரியில் ஆறேழு மணி நேரம் வைத்து எடுப்பதோடு சரி. பூச்சி, புழு, பெரும்பாலான பூசணம் எல்லாம் போய்விடும், சூடு தாங்குகிற பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் மூணு மணி நேரம் கொதி ஆவியில் வைத்தது வீட்டைக் காலி பண்ணிவிட்டுக் கதவைத் திறந்துபோட்ட மாதிரி. செத்த உயிர்களின் சத்து எல்லாம் கரைந்து மண்ணிலேயே கிடக்கும், போட்டிக்கு ஆளும் கிடையாது, ராத்திரி தார்ப்பாயில் வந்து விழுந்த முதல் பூசண வித்து அங்கே ராஜா. அந்த முதல் ஆள் பெரும்பாலும் டிரைக்கோடெர்மாதான், அதாவது உங்கள் பச்சைப் பூசணம்.

ஃபார்மலின் வேண்டாம். கண்ணும் மூக்கும் எரியும், புற்றுநோய் தரக்கூடியது, அதிலும் சாப்பிடுகிற பொருள்.

பவானி அக்கா
தம்பி, ஒன்று கேட்கிறேன். மண் எடுத்த இடத்தில் என்ன பயிர்? அதற்கு என்னென்ன போட்டீர்கள்?

தக்காளித்தோட்டம்
தக்காளிதான் அக்கா. ரசாயனம் அதிகம் இல்லை. வாடல் நோய்க்குத் தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து தை மாதம் போட்டேன். ஐயையோ.

பவானி அக்கா
ஐயையோவேதான். வயலில் வேர் அழுகலையும் வாடலையும் தின்கிற பூசணம், குடிலுக்குள் வந்தால் காளான் இழையையும் பூசணம் என்றுதான் பார்க்கும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. காசு கொடுத்து வாங்கி, தொழுவுரம் போட்டு வளர்த்து, அதையே அள்ளி வந்து படுக்கை மேல் பூசியிருக்கிறீர்கள். அண்டாவில் அடியில் வெந்தாலும் நடுவில் கட்டியாக இருக்கிற மண் வேகாது.

மண்ணை வேறு இடத்தில் எடுங்கள். உரம் படாத கரையில், மேல்மண்ணை ஓர் அடி ஒதுக்கிவிட்டுக் கீழே தோண்டுங்கள். கொஞ்சம் ஆற்று மணல், சுண்ணாம்புக்கல் பொடி கலந்து காரத்தன்மையை (பிஹெச்) 8-ஐ ஒட்டிக் கொண்டு வாருங்கள். டிரைக்கோடெர்மாவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், காரம் ஏறினால் சுணங்கும். ஈரமாக்கி, கட்டி இல்லாமல் உதிர்த்து, ஒரு மணி நேரம் ஆவி போதும். மூடிய பாத்திரத்திலேயே ஆறவிட்டு அன்றைக்கே போட்டுவிடுங்கள். எனக்கு இந்த ஒரு மணி நேர மண்ணில் மொட்டு வராமல் போனதே இல்லை, அதனால் பால் காளானுக்கு அவிக்கவே கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குடிலில் தண்ணீர், காற்று, கை என்று எல்லா வழியிலும் பாக்டீரியா தானாக வந்து சேரும்.

அப்புறம், தக்காளிக்கு மருந்து அடிக்கிற தெளிப்பானில்தான் காளானுக்கும் தண்ணீர் தெளிக்கிறீர்களா?

தக்காளித்தோட்டம்
பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆமாம்.

கோத்தகிரி அண்ணா, அப்படியானால் உரக்கடையில் கிடைக்கும் சூடோமோனாஸ் பொடியைக் கேசிங்கில் கலந்தால் நல்லதா?

கோத்தகிரிக்காரன்
வேண்டாம். கடையில் இருப்பது ஃப்ளோரசன்ஸ், வேறு இனம். அதற்கு நெருங்கிய சொந்தமான டொலாசி என்பதுதான் குடை மேல் பழுப்புப் புள்ளி போட்டு, பிசுபிசுவென்று ஆக்கி, சந்தையில் விலையைக் கெடுக்கும் பாக்டீரியா. பெயர் ஒன்று என்பதற்காகக் குடிலுக்குள் விட வேண்டாம்.

வைக்கோல்போர்
எல்லாரும் மண்ணையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கெட்ட படுக்கையை வெட்டிப் பாருங்கள். பச்சை மேலே மட்டும் இருந்தால் மண், உள்ளே வைக்கோலிலும் இருந்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை. அவ்வளவுதான். சின்ன கறுப்பு ஈ பறந்தால் வலை அடிக்கவும், ஒரு படுக்கையின் பச்சையை இன்னொன்றுக்குச் சுமப்பதே அதுதான்.

மழைக்கால ரசிகன்
இடையில் ஒரு கேள்வி, மழைக்கு முளைக்கிற புற்றுக் காளானை இப்படி வளர்க்க முடியாதா? ருசியில் பால் காளான் அதன் கால் தூசு பெறாது.

பவானி அக்கா
ருசி உண்மை. ஆனால் அதைக் கறையான்தான் புற்றுக்குள் தோட்டம் போட்டு வளர்க்கிறது. கறையானை வேலைக்கு வைக்க வழி கண்டால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

தக்காளித்தோட்டம்
மூணு வாரம் கழித்து வருகிறேன். வெட்டிப் பார்த்தேன், பச்சை மேலே மட்டும்தான். கிணற்று மேட்டுக்குக் கீழே இருந்து மண் எடுத்து அக்கா சொன்ன மாதிரி 10 படுக்கை போட்டேன், புதுத் தெளிப்பானும் வாங்கினேன். 11-ஆம் நாள் குண்டூசித் தலை மாதிரி மொட்டு. 8 சுத்தம். ரெண்டில் பாலித்தீன் மடிப்பில் தண்ணீர் தேங்கிய ஓரமாகக் கொஞ்சம் பச்சை, உப்பு வைத்து மூடியிருக்கிறேன். முதல் அறுவடை வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்குமே சரியாகப் போய்விட்டது.

கெட்டுப்போன பழைய 21 படுக்கையை என்ன செய்ய? தக்காளி வயலிலேயே போட்டுவிடவா?

பவானி அக்கா
போடுங்கள், அங்கே அது மருந்து. ஆனால் குடில் வாசலில் குவித்து வைத்து நாளைக்கு அள்ளிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், இன்றைக்கே அள்ளிவிடுங்கள். அள்ளின கையோடு குளிக்காமல் குடிலுக்குள் போகவும் வேண்டாம்.