144 மானிட்டரை எட்டு மாசம் 60-ல ஓட்டின கதை, உங்க கதையும் சொல்லுங்க

போன தீபாவளிக்கு வாங்கின 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 தடவை படம் மாறணும். வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் மவுஸை வேகமா இழுத்துக் காட்டி, "எப்படி வழுக்கிட்டுப் போகுது பாருங்க"ன்னு பீத்திக்குவேன். போன வாரம் அக்கா பையன் வந்தான், பத்தாவது படிக்கிறான். ரெண்டு நிமிஷம் கேம் ஆடிட்டு, "மாமா, இது 60-லதான் ஓடுது"ன்னான்.

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கீழ அட்வான்ஸ்ட் டிஸ்பிளே. அங்க 60 சமர்த்தா உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் தானா மாத்திக்கும்னு நெனச்சிருந்தேன். 144 போட்டதும் திரை ஒரு தடவை இருண்டு வந்தது. மவுஸை இழுத்தா, முன்னாடி விட்டு விட்டுத் தெரிஞ்ச அம்பெல்லாம் நெருக்கியடிச்சு வரிசை கட்டுது. 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா மாறின படம் இப்ப 6.9-க்கு ஒருக்கா மாறுது. அப்போ இத்தனை நாளா எதைக் காட்டிப் பீத்தினேன்?

*

உங்களுக்காவது லிஸ்ட்ல 144 இருந்துச்சு தல. என்னோடது 2560×1440, பழைய லேப்டாப்ல எச்டிஎம்ஐ வழியா மாட்டினேன். 144 லிஸ்ட்லயே இல்ல. டிரைவரை மூணு தடவை அழிச்சுப் போட்டாச்சு, கேபிள் ரெண்டு வாங்கியாச்சு. கடுப்புல ரெசல்யூஷனை 1080-க்கு இறக்கினேன், 120 எட்டிப் பார்த்துச்சு! அப்பத்தான் பொறி தட்டுச்சு: லேப்டாப்போட போர்ட்டே எச்டிஎம்ஐ 1.4. அதுல மொத்தமா நொடிக்கு 10.2 ஜிகாபிட்தான் போகும், 1440-ல 144-க்கு அது பத்தாது. பக்கத்துலயே மினி டிஸ்பிளே போர்ட் தூசி படிஞ்சு கிடந்தது. அதுல மாட்டினதும் 144 வந்துடுச்சு.

*

என் கதை ஒரே வரி. கேபிளை கிராபிக்ஸ் கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகியிருந்தேன். மேல கேக்காதீங்க.

*

நான் 60 மானிட்டரையே 75-க்குத் தள்ளப் பார்த்தவன். 2012 வாக்குல கொரியாவிலிருந்து வந்த கேட்லீப் 2பி-ங்கிற மானிட்டர் 120 வரைக்கும் ஓடுச்சுன்னு படிச்சதுல வந்த ஆசை.

என்னோடது சிங்கிள் லிங்க் டிவிஐங்கிற பழைய வகை இணைப்பு. அதுல பிக்சல் கிளாக், அதாவது நொடிக்கு அனுப்புற புள்ளிகளோட எண்ணிக்கை, 165 மெகாஹெர்ட்ஸைத் (பதினாறரைக் கோடி) தாண்டக் கூடாது. 1080-ன்னு சொன்னாலும், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தையும் சேர்த்து 2200×1125 அனுப்பணும். அதை 75-ஆல பெருக்கினா 185 தாண்டிடும். கஸ்டம் ரெசல்யூஷன் யுட்டிலிட்டிங்கிற மென்பொருள்ல ஓரத்தைச் சுருக்கி 2000×1100 ஆக்கினேன். பெருக்கிப் பார்த்தா கச்சிதமா 165! பேராசையில முதல்ல 80 போட்டேன், 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'. 15 நொடியில விண்டோஸ் தானா பழசுக்குத் திரும்பிடும், பயப்பட ஒண்ணுமில்ல. 75 வந்தது, மானிட்டர் மெனுவும் 75-ன்னே காட்டுச்சு.

ரெண்டு நாள் ஒரே குஷி. அப்புறம் டெஸ்ட் யூஎஃப்ஓ தளத்துல ஃபிரேம் ஸ்கிப்பிங் சோதனையை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கட்டம் வெளுக்கும், ஃபிரேம் விட்டுப்போனா அந்தக் கட்டம் கறுப்பாவே இருக்கும்) ஓடவிட்டு, போன் கேமராவுல ஷட்டரை 1/10 நொடி வச்சு ஒரு படம் எடுத்தேன். வரிசையா வெளுத்திருக்க வேண்டிய கட்டங்கள்ல ஒவ்வொரு அஞ்சாவதும் கறுப்பு. 75 ஃபிரேம் வாங்கி, 15-ஐக் குப்பையில போட்டுட்டு, 60-ஐத்தான் காட்டியிருக்கு! 62 வச்சாலும் நடுவுல கட்டம் விடுது. பேசாம 60-க்கே வந்துட்டேன்.

*

இதைப் படிச்சதும் நானும் போன்ல எடுத்துப் பார்த்தேன். 144-ல ஒரு கட்டம்கூட விடல. அக்கா பையனுக்கு அனுப்பினேன். "முன்னாடியே எடுத்திருக்கலாமே மாமா"ன்னு பதில்.